சின்னக் கார், பெரிய கணக்கு!

கார் என்று பேச்சு வந்தால் நம் ஆபீஸ் கேண்டீனில் இரண்டே கேள்விகள்தான். ஒன்று, 'மைலேஜ் எவ்வளவு?' இரண்டு, 'மாசத் தவணை எவ்வளவு?' மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. 'கொண்டுபோய் வாசலில் நிறுத்தினால் எதிர்வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?'

பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் விலை அதிகம். எந்த லெட்ஜரிலும் எழுதப்படாமல், ஆனால் பாக்கெட்டிலிருந்து மாதாமாதம் தவறாமல் போகிற செலவு அது!

இந்தச் செலவை ஒரு காலத்தில் அறவே ஒழித்துக் காட்டியவர்கள் இத்தாலிக்காரர்கள்.

13 குதிரைகள்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இத்தாலி மூச்சுவிட ஆரம்பித்த நேரம். 1946ல் வெஸ்பா ஸ்கூட்டர் வந்தது. அடுத்த வருஷமே லாம்ப்ரெட்டா. அப்பா ஓட்ட, முன்னால் ஒரு பையன் நிற்க, பின்னால் அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து மடியில் இன்னொன்றை வைத்துக்கொள்ள... எங்கேயோ பார்த்த காட்சி மாதிரி இல்லை?

இந்தக் குடும்பத்தை மழையிலிருந்து காப்பாற்ற வேண்டும், ஆனால் ஸ்கூட்டர்காரரின் பர்ஸ் தாங்க வேண்டும். இதற்காக ஃபியட் கம்பெனியின் தலைமை டிசைனர் டான்டே ஜியாகோஸா உருவாக்கிய கார்தான் 1957 ஜூலை 4ஆம் தேதி வெளிவந்த ஃபியட் 500. (நம் ஊர் பிரீமியர் பத்மினியின் பூர்வீகமான ஃபியட் 1100 காரை உருவாக்கியதும் இதே மனுஷர்தான்.)

நீளம் மூன்று மீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. பின்னால் இரண்டு சிலிண்டர் இன்ஜின், 479 சி.சி. சக்தி? 13 குதிரை! இன்றைக்கு ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளுக்கே 20 குதிரை. கூரை கேன்வாஸ் துணி. முதலில் வந்த மாடலில் கதவுக் கண்ணாடிகூட இறங்காது. 'இது காரா, டப்பாவா?' என்று ஜனங்கள் ஒதுங்க, சில மாதங்களிலேயே கண்ணாடி இறங்குகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் பிடித்தது பாருங்கள் ஓட்டம்! 1975ல் நிறுத்துவதற்குள் சுமார் 39 லட்சம் கார்கள்.

மற்ற நாடுகளும் சும்மா இருக்கவில்லை. 1948லேயே பிரான்ஸில் சிட்ரோன் 2சி.வி. வந்துவிட்டது. ஒரு கூடை முட்டையை வைத்துக்கொண்டு உழுத வயலில் ஓட்டினாலும் முட்டை உடையக் கூடாது என்பதுதான் அதை வடிவமைத்தவர்களுக்குப் போட்ட கண்டிஷன். 1956ல் சூயஸ் கால்வாய்ப் பிரச்னையில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் இங்கிலாந்தில் அலெக் இஸ்ஸிகோனிஸ் என்பவரைக் கூப்பிட்டு, 'சின்னதாக ஒன்று பண்ணு' என்றார்கள். அவர் இன்ஜினை குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்பாக்ஸை அதற்கு அடியிலேயே சொருகி, பத்தே அடி நீளத்தில் நான்கு பேர் உட்கார இடம் கண்டுபிடித்தார். அதுதான் 1959ல் வந்த மினி. இன்று நம் தெருக்களில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் இன்ஜின் குறுக்காகத்தான் கிடக்கிறது. உபயம், மினி!

டூரினில் ஒரு பஞ்சாயத்து

சரித்திரம் போதும். 2024 அக்டோபரில் மூன்று வாரம் இத்தாலியின் டூரின் நகரத்தில் இருந்தேன். தங்கை வீடு. மாப்பிள்ளை அங்கே இன்ஜினியர். தங்கைக்கு ஏழாம் மாதம். ஊறுகாய், பருப்புப் பொடி சகிதம் அம்மாவைக் கொண்டுபோய் விடுவதுதான் என் டியூட்டி.

போன மறுநாளே மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மச்சான், நீங்க காமர்ஸ் படிச்சவர். ஒரு விஷயத்துல கணக்குப் பார்த்துச் சொல்லணும். இந்தக் காரைக் கொடுத்துட்டு ஒரு எஸ்.யு.வி. வாங்கலாம்னு இருக்கேன். உங்க தங்கச்சி வேணாங்கறா."

அவர்களிடம் இருந்தது 2010 மாடல் ஃபியட் 500. பழைய 500ன் முகஜாடையிலேயே 2007ல் ஃபியட் மறுபடி வெளியிட்ட கார். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 69 குதிரைசக்தி, நீளம் 3.55 மீட்டர். இரண்டே கதவு. டிக்கி 185 லிட்டர். இந்த 185 லிட்டரில்தான் குடும்பச் சண்டை ஆரம்பம். நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து குழந்தைக்கு ஒரு பெரிய தள்ளுவண்டி பரிசளித்திருந்தார்கள். கோயில் தேர் சைஸ். அது டிக்கியில் நுழையவில்லை. பின்சீட்டில் படுக்கவைத்தால் அப்புறம் குழந்தையை எங்கே வைப்பது?

"முதல்ல வண்டியை ஓட்டிப் பார்க்கறேன் மாப்பிள்ளை. அப்புறம் தீர்ப்பு" என்றேன். சென்னையிலேயே ஆர்.டி.ஓ. ஆபீஸில் 1,000 ரூபாய் கட்டி இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கி வந்திருந்தேன்.

ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் கியரை வலது கையால் போட வேண்டும். சாப்பிடுகிற கையாலேயே கியர் போடுவதில் ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது. கியர் தரையிலிருந்து முளைக்காமல் டாஷ்போர்டிலிருந்து மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் 'சிட்டி' என்று ஒரு பட்டன். அமுக்கினால் ஸ்டியரிங் வெண்ணெயாக இளகி, ஒற்றை விரலில் திரும்புகிறது. நிறுத்துகிற இடத்தில் இந்தப் பட்டன்தான் தெய்வம்.

தங்கை இருக்கும் தெருவில் இரண்டு ஓரமும் கார்கள் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இடம் கிடைப்பது தீபாவளிக்கு ரயில் டிக்கெட் கிடைக்கிற மாதிரி. ஒருநாள் எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வண்டி இடம் தேடி மூன்று சுற்று வந்தது. நாங்கள் அது விட்டுவிட்டுப் போன ஒரு சந்தில் நுழைத்து, கதவைப் பூட்டிவிட்டு, மேலே போய் காபியே குடித்துவிட்டோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெரியவர் நாலாவது சுற்றில் இருந்தார்!

பெட்ரோல் பங்க்கில் நாமே போட்டுக்கொண்டால் ஒரு விலை, ஆள் வந்து போட்டால் அதைவிடக் கூடுதல் விலை. நான் இறங்கி நானே போட்டேன். சும்மாவா, லிட்டர் ஒன்றே முக்கால் யூரோ!

ஐரோப்பாவில் காகிதத்தில் மைலேஜ் எழுதுகிற விதமே தலைகீழ். நாம் 'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்' என்போம். அங்கே '100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்'. கணக்குப்பிள்ளை பாஷையில் சொன்னால் நாம் வரவைப் பேசுகிறோம், அவர்கள் செலவைப் பேசுகிறார்கள். ஆனால் பங்க்கில் பக்கத்தில் நின்ற ஒரு இத்தாலியப் பெரியவர் மாப்பிள்ளையிடம் கேட்டது என்ன தெரியுமா? 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?' காகிதம் வேறு, வாய் வேறு. நம்ம ஆள்!

மொட்டை மாடியில் ஒரு ரோடு

டூரின், ஃபியட் பிறந்த ஊர். லிங்கோட்டோ என்ற இடத்தில் 1923ல் திறந்த அவர்களுடைய பழைய தொழிற்சாலை இருக்கிறது. கீழ்த்தளத்தில் உதிரி பாகங்கள் உள்ளே போகும். மாடி மாடியாக ஏறிக்கொண்டே கார் உருவாகும். முழுசாக முடிந்ததும் மொட்டை மாடிக்கு வந்துவிடும். அங்கே, வளைவுகளில் சரிவு கட்டிய ஒரு டெஸ்ட் டிராக்! நாம் மொட்டை மாடியில் வடாம் காயவைப்போம். அவர்கள் கார் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1982ல் தயாரிப்பை நிறுத்திவிட்டு, பிற்பாடு கடைகளும் ஓட்டலுமாக மாற்றிவிட்டார்கள். 2021லிருந்து அந்த டிராக் ஓரமெல்லாம் செடி வைத்துத் தோட்டம்.

இன்னொரு சாயங்காலம் மாப்பிள்ளையும் நானும் ஊருக்கு வெளியே ஸுப்பெர்கா மலைக்குப் போனோம். உச்சியில் ஒரு பெரிய தேவாலயம். 69 குதிரையும் சேர்ந்து இழுத்தாலும் செங்குத்தான திருப்பங்களில் செகண்ட் கியர்தான். பின்னால் வந்த வண்டி பொறுமையிழந்து ஒதுங்கி முந்திப் போனது.

"பார்த்தீங்களா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

மேலே போய் இறங்கி நின்றோம். கீழே ஊர் முழுக்க விளக்கு. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"எங்கப்பா டி.வி.எஸ். 50லதான் எங்க நாலு பேரையும் ஏத்திக்கிட்டுப் போவார். நான் பெட்ரோல் டேங்க் மேல. ஒரு தடவை பாலத்து மேல வண்டி ஏறலை. அம்மாவை இறக்கிவிட்டு நடந்து வரச் சொன்னார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், நமக்குன்னு வாங்கினா பெரிசாத்தான் வாங்கணும்னு. இப்ப அம்மா வீடியோவுல பார்த்துட்டு, 'என்னடா ஆட்டோ சைஸ்ல இருக்கு'ங்கறாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. தள்ளுவண்டி ஒரு சாக்கு. மூன்றாவது கேள்வி எதிர்வீட்டுக்காரரிடமிருந்துதான் வரும் என்பதில்லை. சில சமயம் முப்பது வருஷத்துக்கு முந்தைய பாலத்திலிருந்தும் வரும்.

கணக்கு

ஆனாலும் கேட்டது கணக்கு. போட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

வருஷத்துக்கு அவர்கள் ஓட்டுவது சுமார் 6,000 கிலோமீட்டர். மாப்பிள்ளை ஆபீஸுக்கு டிராமில் போகிறவர். இந்த 500 ஊருக்குள் லிட்டருக்கு 16 கொடுக்கிறது. ஆக ஒரு கிலோமீட்டருக்கு பெட்ரோல் 11 சென்ட். அவர் பார்த்து வைத்திருந்த எஸ்.யு.வி.க்கு மாதத் தவணை 320 யூரோ, 60 மாதம். மொத்தம் 19,200. தவணையை மட்டும் கிலோமீட்டரில் வகுத்தால் 64 சென்ட்! பெட்ரோலைப் போல ஆறு மடங்கு. இதில் வண்டி நகரவே வேண்டாம், வாசலில் நின்றாலும் இந்தக் காசு போகும்.

ரோடு டாக்ஸ் அங்கே இன்ஜினின் கிலோவாட் சக்தியைப் பார்த்துப் போடுகிறார்கள். 69 குதிரை என்பது 51 கிலோவாட். கிலோவாட்டுக்கு 2.58 யூரோ வீதம், சுமார் 132 யூரோ. பெரிய வண்டிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்ஷ்யூரன்ஸில் ஒரு வேடிக்கை. 1 முதல் 18 வரை வகுப்புகள். புதுசாகச் சேர்கிறவர் 14ல் ஆரம்பிக்க வேண்டும். மோதாமல் ஓட்டினால் வருஷத்துக்கு ஒரு வகுப்பு முன்னேறலாம். மோதினால் பின்னால் தள்ளிவிடுவார்கள். 2007ல் வந்த ஒரு சட்டப்படி, வீட்டில் ஒருவர் சேர்த்த நல்ல வகுப்பை அதே வீட்டில் இன்னொருவர் வாங்கும் வண்டிக்கும் கேட்டு வாங்கலாம். புண்ணியத்தைக் குடும்பத்துக்குள் டிரான்ஸ்பர் செய்கிற வசதி!

"பணம் சரி மச்சான். பாதுகாப்பு?" என்று மாப்பிள்ளை போனை நீட்டினார். நியாயமான கேள்வி. பிறக்கப்போகிற குழந்தைக்கு முன்னால் 19,200 எல்லாம் ஒரு தொகையா?

யூரோ என்கேப் என்ற அமைப்பு கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கிறது. இந்த 500, 2007ல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2017ல் மறுபடி பரீட்சை வைத்தபோது மூன்றுதான். கார் ரொம்ப மாறவில்லை, வினாத்தாள்தான் கஷ்டமாகிவிட்டது. இதன் அண்ணன் ஃபியட் பாண்டா கதை இன்னும் மோசம். 2011ல் நான்கு, 2018ல் பூஜ்யம்! இதையெல்லாம் மூடி மறைத்து 'சின்னக் கார்தான் சிறந்தது' என்று நான் எழுதினால் அது மோசடி. கனமான வண்டியும் லேசான வண்டியும் நேருக்கு நேர் மோதினால் லேசான வண்டியில் இருப்பவர்களுக்குத்தான் அடி அதிகம். இது பௌதிகம், இத்தாலிக்காரர் தலையிட முடியாது.

ஆனால் வண்டி எங்கே ஓடுகிறது என்பதும் கணக்கில் சேர்த்திதான். ஊருக்குள் வேக வரம்பு 50. எக்ஸ்பிரஸ் சாலையில் 130. இவர்கள் ஓட்டத்தில் முக்கால்வாசி ஊருக்குள். பின்சீட்டில் குழந்தை சீட்டை இறுக்கிப் பூட்ட கொக்கி இருக்கிறது. என் தீர்ப்பு இதுதான்: ஊருக்குள் 500. மிலானுக்கு ரயில். வருஷத்தில் நாலைந்து நீண்ட பயணத்துக்கு, நட்சத்திரம் அதிகமுள்ள பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள். வாடகை எவ்வளவு கொடுத்தாலும் வருஷம் 3,840 யூரோ தவணையைத் தொடாது.

"தள்ளுவண்டி?" என்றார் மாப்பிள்ளை, கடைசி அஸ்திரமாக.

அதுவரை தயிர்சாதத்தில் கவனமாக இருந்த தங்கை நிமிர்ந்தாள். "வண்டிக்குள்ள வண்டி நுழையலேன்னா எந்த வண்டியை மாத்தறது சீப்பு? நீயே சொல்லுண்ணா."

150 யூரோவுக்கு, மடித்தால் பெட்டி சைஸுக்கு வருகிற ஒன்றை அவள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். தேர், தெருவுலாவுக்கு. பெட்டி, காருக்கு. இதற்கு நான் எதற்கு பி.காம்.?

கணக்கில் தோற்றாலும் மாப்பிள்ளை முகம் தெளியவில்லை. தெளியவைத்தது மாடி வீட்டுப் பாட்டி. எழுபத்தைந்து வயசிருக்கும். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கைக் கடித்தபடியே, சின்ன வயதில் தங்கள் வீட்டுப் பழைய 500ல் ஐந்து பேராகக் கடற்கரைக்குப் போன கதையைச் சொன்னார். கூரை மேல் பெட்டி, பெட்டி மேல் பாய். "அவ்வளவு சின்னக் கார்ல எப்படிப் பாட்டி?" என்று மாப்பிள்ளை கேட்க, பாட்டிக்குக் கேள்வியே புரியவில்லை.

"சின்னதா? அதுக்கு முன்னாடி நாங்க ஸ்கூட்டர்ல போய்க்கிட்டிருந்தோம். அது எங்களுக்குப் பெரிய கார்!"

மாப்பிள்ளை இதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லி முடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

ஏன் மறைகிறது?

இதில் ஒரு சோகம் இருக்கிறது. ஐரோப்பாவில் சின்னக் கார்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. ஃபோக்ஸ்வாகன் 'அப்' 2023ல் நின்றது. இரண்டே பேர் உட்காரும் 'ஸ்மார்ட் ஃபோர்டூ' 2024 மார்ச்சில். பெட்ரோல் ஃபியட் 500ஐயும் அதே வருஷம் ஐரோப்பிய விற்பனையிலிருந்து எடுத்தார்கள். காரணம், காரின் கம்ப்யூட்டருக்குள் யாரும் புகுந்துவிடக் கூடாது என்ற புதிய பாதுகாப்பு விதி. பூட்டை உடைக்கிற திருடன் போய் பாஸ்வேர்டு உடைக்கிற திருடன் வந்தான், பாவம் 500 மாட்டிக்கொண்டது. அப்புறம் ஹைபிரிட்டாக மாற்றி, 2025 நவம்பரில் டூரின் மிராஃபியோரி தொழிற்சாலையிலேயே மறுபடி தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

அடிப்படை வியாபாரக் கணக்கு இதுதான்: புகை வடிகட்டி, ஏர்பேக், கேமரா, சென்சார் எல்லாம் சின்னக் காருக்கும் பெரிய காருக்கும் ஏறக்குறைய ஒரே விலை. பெரிய காரின் விலையில் அது கரைந்துவிடும். சின்னக் காரில் லாபத்தையே தின்றுவிடும். கம்பெனி எதை விற்க விரும்பும்?

நம்மிடமும் ஒரு கதை இருக்கிறது. ஸ்கூட்டரில் நனையும் குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடா ஒரு கார் கனவு கண்டார். 2008 ஜனவரியில் டெல்லியில் அதைக் காட்டினார். நீளம் 3.1 மீட்டர், பின்னால் இரண்டு சிலிண்டர் இன்ஜின், 624 சி.சி. வடிவமைப்பில் கைகொடுத்தது டூரினைச் சேர்ந்த ஒரு டிசைன் நிறுவனம்! 1957 ஃபியட்டின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம். ஆனால் இத்தாலியில் தாத்தா 39 லட்சம் ஓடினார். இங்கே பேரன் 2018லேயே நின்றுவிட்டான். சில வண்டிகள் தீப்பிடித்தது, தொழிற்சாலை இடம் மாறியது என்று காரணங்கள் பல. ஆனால் 'உலகத்திலேயே மலிவான கார்' என்ற பட்டமும் அதைச் சாய்த்தது என்று டாடாவே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டரிலிருந்து இறங்குகிறவன் 'மேலே போகிறேன்' என்று நினைக்க வேண்டும். 'மலிவு' என்று நெற்றியில் ஒட்டினால் யார் ஏறுவார்கள்? அதே 2008ல் ஃபியட் 500ஐ இந்தியாவில் இறக்குமதி செய்து கிட்டத்தட்ட 15 லட்சத்துக்கு விற்றார்கள். அதை யாரும் டப்பா என்று சொல்லவில்லை!

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2008லிருந்து சில வருஷங்கள் ஐரோப்பியத் தெருக்களில் சந்து பொந்தெல்லாம் புகுந்து புறப்பட்ட ஹூண்டாய் ஐ10 கார்கள், நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிக் கப்பலேறியவை. சின்னதைச் செய்ய நமக்குத் தெரியும். வாசலில் நிறுத்தத்தான் கூச்சம்.

ஆகவே இளைஞர்களே, முதல் சம்பளம், முதல் போனஸ் என்று கார் ஷோரூம் பக்கம் ஒதுங்குகிறவர்களே, வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒரு டேப் எடுத்து நான்கு விஷயங்களை அளந்துகொள்ளுங்கள். வண்டி நிறுத்துகிற இடத்தின் நீளம். தெருவின் அகலம். வருஷத்தில் உண்மையிலேயே ஓட்டப்போகிற கிலோமீட்டர். ஹைவேயில் எத்தனை நாள் என்ற எண்ணிக்கை. ஹைவே அதிகம் என்றால் தயங்காமல் நல்ல கனமான, நட்சத்திரமுள்ள வண்டியாகப் பாருங்கள். ஊருக்குள்தான் என்றால் தவணையைக் கிலோமீட்டரால் வகுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மருமகள் 2025 ஜனவரியில் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு 500ல்தான் வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "பரவால்லடா, குழந்தைக்கு ஏத்த சைஸ்ல வாங்கியிருக்கே!" என்றார்களாம்.